எந்த ஆங்கிலச் சொல் வேண்டும்?

தாராவித் தோழர்களே! 'ஃப்ளாக்ஸினாசினிஹிலிபிலிஃபிகேஷன்' என்னும் 29 எழுத்து ஆங்கிலச் சொல்லை நம் பிள்ளைகள் உருப்போடுகிறார்களாம். அதற்குப் பயிற்சிக் கடைகளில் பணமும் கட்டுகிறோம். ஒன்றைத் துச்சமாக மதிப்பது என்று பொருளாம். நம்மைத் துச்சமாக மதிப்போர் அச்சொல்லை ஒருநாளும் உச்சரித்ததில்லை! அவர்களிடம் வேறு சொற்கள் உண்டு. 'அனெக்ஷர்-2' என்பது குடிசைக்கு மாற்றுவீடு பெறத் தகுதியுடையோர் பட்டியல். 'எக்ஸ் பார்ட்டி' விருந்தல்ல. நாம் இல்லாமலே நம்மீது வரும் தீர்ப்பு. 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்பதில் விடுமுறை ஏது? குறிப்பிட்ட காலம் தங்க அனுமதி, அவ்வளவே. வாடகைதாரர் உரிமை அதில் பிறக்காது. கையெழுத்துப் போட்டபின் கேட்டு என்ன பயன்? இச்சொற்களை எந்தக் கடை கற்பிக்கிறது? ஞாயிறு மாலை வீட்டுக் காகிதங்களோடு பிள்ளைகளைச் சங்கத்திற்கு அனுப்புங்கள். அகராதி எங்களிடம் இருக்கிறது.