நாய்க்கு மசாஜா எண்டு சிரிக்கிற ஆக்களுக்கு

போன கிழமை எங்கட பச் குறூப்பில் ஒருத்தி ஒரு வீடியோ போட்டாள். கொழும்பில் ஒரு கடை. மேசையில் துவாய் விரித்து, வெள்ளை நாயொன்றைப் படுக்கவைத்து முதுகைப் பிடித்துவிடுகிறார்கள். பின்னால புல்லாங்குழல் இசை வேற. கொஞ்ச நேரத்திலயே கொமென்ற் குவிந்தது. "இஞ்ச மனுசருக்குச் சோறில்லை, நாய்க்கு மசாஜாம்." "அடுத்த பிறப்பில கொழும்பு நாயாப் பிறக்கோணும்." நாங்களும் சிரிக்கிற ஸ்ரிக்கர் போட்டனாங்கள்தான். அதை ஒத்துக்கொண்டே தொடங்குகிறோம்.

சோறில்லை என்பது பகிடிக் கதை இல்லை. 2022 இல் காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நிண்ட பிள்ளைகள் நாங்கள். ஆனால் பசித்த மனுசரின் ஞாபகம் எங்களுக்கு நாயைக் கண்டால் மட்டும் ஏன் வருகிறது? சாமத்திய வீட்டுக்கு ட்ரோன் விட்டுப் படம் பிடிக்கிறபோது அந்தக் கொமென்றை ஒருத்தரும் போடுறதில்லை. 1907 இல் எழுதின மிருகவதைத் தடுப்புச் சட்டம் வதைக்குப் போட்ட தண்டம் 100 ரூபா. அதைப் பார்த்து எங்கட குறூப்பில் ஒருத்தருக்கும் கோபம் வந்ததாக ஞாபகமில்லை. நாயை அடிக்கிறது செய்தி இல்லை, தடவுறதுதான் செய்தி.

எங்கட வீடுகளில நாய் எப்பிடி வளருது? கேற்றடியில் சங்கிலி. மிஞ்சின சோறும் மீன்முள்ளும் போட ஒரு நெளிஞ்ச தட்டு. கள்ளன் வந்தால் குரைக்கோணும், சொந்தக்காரர் வந்தால் குரைக்கக்கூடாது. அஞ்சு வருசம் வளர்த்த நாயின் வயிற்றுப்பக்கம் என்ன நிறமெண்டு கேட்டுப் பாருங்கோ, வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அதன் உடம்பில் கல் படும், தடி படும், செருப்புப் படும். கை படாது. நாய் முட்டினால் குளிக்கோணும் எண்டு சொல்லி வளர்த்த வீடுகள். (எங்கட ஊரில தொடக்கூடாது என்கிறது நாயோட நிண்ட கதையில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். அது வேறு கட்டுரை. இதைவிடக் கோபமாக எழுத வேண்டியது.)

உடம்பு நோகும்போது பிடித்துவிடுவது வெளியில இருந்து வந்த ஸ்ரைல் ஒண்டும் இல்லை. அம்மம்மாவின் நாரிக்கு நோவெண்ணெய் போட்டுத் தேய்த்த கைகள்தான் எங்கட கைகள். பிறந்த பிள்ளைக்கு எண்ணெய் பூசிக் கைகாலை நீவிவிடாத வீடு குறைவு. சவாரி மாட்டைக் குளிப்பாட்டித் தேய்க்கிற ஐயாவைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கிறதில்லை. நாய், பூனை எண்டதும்தான் அது பணக்கார விளையாட்டாகிவிடுகிறது.

எங்கட கன்ரீனடியில் ராணி எண்டு ஒரு கிழட்டு நாய். பின்னங்கால் இழுத்து இழுத்து நடப்பாள். ஒரு பெடியன் பாவம் பார்த்து, தன்ர கால்நோவுக்கு வைத்திருந்த பாமை அவளின் இடுப்பில் தேய்த்துவிட்டான். நல்ல மனம், பிழையான வேலை. நாய் தன்னைத்தானே நக்கும். பாமில் உள்ள கற்பூரம் நாய்க்கு நஞ்சு. பூனைக்கெண்டால் இன்னும் மோசம்: ஒரு பனடோல் குளிசையே பூனையைக் கொன்றுவிடும்.

கடைசியில் காசு சேர்த்து ராணியை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். மூட்டுத் தேய்மானமாம். குளிசை தந்தார், விசர்நாய்த் தடுப்பூசி போட்டார். பிறகு எங்கட கையைப் பிடித்து அவளின் முதுகில் வைத்துக் காட்டினார். எண்ணெய் இல்லை, மேசை இல்லை. உள்ளங்கையை விரித்து, கழுத்திலிருந்து வாலடி வரை, மயிர் போகிற பக்கம், மெதுவாக. முள்ளந்தண்டின் மேல அமத்தக்கூடாது, இரண்டு பக்கமும் உள்ள தசையில் மட்டும். காய்ச்சல், புண், புதுசாய் வீங்கின இடம் எண்டால் தொடவே வேண்டாம். முகத்தைத் திருப்பினால், உதட்டை நக்கினால், எழும்பிப் போனால் விட்டுவிட வேண்டும். போதுமெண்டு சொல்லுறது அவள்தான்.

ராணியின் நடை மாறிவிட்டது எண்டு பொய் சொல்லமாட்டோம். மாறேல்ல. ஆனால் தினமும் கை போனபோதுதான் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி கொத்துக்கொத்தாய் இருந்தது தெரிஞ்சது. உண்ணிக் காய்ச்சலில் நாய்கள் செத்துப்போகிற நாடு இது. மூன்றாம் கிழமை முலையடியில் கடலையளவு கட்டியொன்று தட்டுப்பட்டது. கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்கு முலையில் கட்டி வருவது சாதாரணம், சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் தப்பலாம் எண்டார் வைத்தியர். நாலு வருசம் அந்த நாயைத் தாண்டித் தாண்டிப் போன பீடம் எங்கட பீடம்.

அதுக்காக அந்தக் கொழும்புக் கடைக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. அதோட எங்களுக்குச் சண்டை இருக்கு, ஆனால் வேற சண்டை. மசாஜ் நாயின் நோயைச் சுகப்படுத்தும் எண்டு அடித்துச் சொல்லப் போதுமான ஆய்வுகள் இல்லை. தசை தளரும், நோவு கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். வீடியோவின் கீழே "நஞ்சு நீக்கும்" எண்டு எழுதியிருந்தார்கள். எந்த நஞ்சு? வாசனை எண்ணெய் வேறு பூசுகிறார்கள். ரீ ட்ரீ எண்ணெய் நாய்க்கும் பூனைக்கும் ஆகாது. பிரிட்டனில் 2015 ஆம் ஆண்டு ஆணையின்படி, மிருகத்தைப் பார்த்த மிருக வைத்தியர் சொன்ன பிறகு, அவரின் வழிகாட்டலில்தான் அதற்குப் பிசியோதெரபி செய்யலாம். இங்க? துவாயும் புல்லாங்குழலும் இருந்தால் போதும் போல. தொடப் பழகாத ஆக்களுக்குத் தொடுகையைக் காசுக்கு விற்கிறார்கள். வாங்க ஆளிருக்கிறது எங்கட பிழை.

ராணிக்கு வாற கிழமை ஒபரேசன். காசு இன்னும் கொஞ்சம் குறையுது. "கொழும்பு நாயாப் பிறக்கோணும்" எண்டு எழுதினவன் 500 ரூபா தந்திட்டான். மற்றவரைத்தான் இன்னும் காணேல்ல.