அலமாரியில் இருந்த பேராசிரியர்

போன ஞாயிறு செந்தூலில் அப்பா வீட்டுக்குக் கீழே உள்ள கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து புளோக் அக்கா வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, ரேடியோவில இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க. மகள் பத்திரிகையாளர் ஆகணும்ங்கிறா. எஸ்.பி.எம்.ல தமிழ் எடுக்கட்டுமா, விட்டுடட்டுமா? இங்கிலீஷ் இருந்தா போதும்னு எல்லாரும் சொல்றாங்க."

அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன்.

ஊடகவியல் படித்தபோது, மலேசிய ஒளிபரப்புத் துறை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டதைப் பற்றிய ஆங்கில ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்தேன். 1994-இல் வெளிவந்தது. எழுதியவர் ஆர். கார்த்திகேசு. விடுமுறையில் வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னதும், ரயில்வே பட்டறையில் வேலை செய்த என் அப்பா எழுந்து போய் அலமாரியிலிருந்து 'அந்திம காலம்' நாவலை எடுத்து வந்தார். "இவருதான்யா அவரு!"

பல வருடம் கண்ணெதிரே இருந்த புத்தகம். வெட்கமாகப் போய்விட்டது.

ரெ. கார்த்திகேசு 1940-இல் கெடா, பீடோங்கில் பிறந்தவர். வானொலியில் பணியாற்றினார். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பத்திரிகைத் துறை படித்தார். பிறகு பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஊடகம் கற்பித்தார். 'வானத்து வேலிகள்' தொடங்கி நாவல்களும் சிறுகதைகளும் தமிழில் எழுதினார். 2016 அக்டோபரில் காலமானார்.

நம் நாட்டுத் தொலைக்காட்சியைப் பற்றி உலக ஆய்வாளர்களிடம் பேச அவருக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது. புற்றுநோய் வந்த ஒரு முதியவரின் பயத்தை என் அப்பாவிடம் சொல்லத் தமிழ் வேண்டியிருந்தது. ஒன்றை விட்டிருந்தால் எங்கள் வீட்டில் ஒருவருக்கு அவர் கிடைத்திருக்கவே மாட்டார்.

"தமிழ் எடுத்தால் வேலை நிச்சயம்" என்று அக்காவிடம் நான் சொல்லவில்லை. கூடுதல் பாடம், கூடுதல் வகுப்பு, சுமைதான். ஆனால் தினமும் மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் செய்தியை நான் தமிழில் சொல்கிறேன். சொல் கிடைக்காமல் திணறும்போது, பள்ளியில் இன்னும் ஒழுங்காகப் படித்திருக்கலாமே என்று தோன்றும். அந்த வயது திரும்ப வராது.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முதல்ல அவ அந்தப் புத்தகத்தைப் படிக்கட்டும், தம்பி. அப்புறம் அவளே முடிவு பண்ணட்டும்" என்றார்.

புத்தகம் இப்போது அவர் வீட்டில். அப்பா மட்டும் தினமும் கேட்கிறார்: "திருப்பிக் கொடுத்துடுவாங்கல்ல?"