ஒளூ நீர் வழிந்த வேளை

என் தாய்மாமாவுக்குப் பக்கவாதம் கண்ட நாள் இன்னும் கண்முன் நிற்கிறது. அஸர் தொழுகைக்காகப் பள்ளிவாசல் ஹவ்ளில் ஒளூ செய்துகொண்டிருந்தார். வாய் கொப்பளிக்க எடுத்த நீர் வலப்புறக் கடைவாயில் தானாக வழிந்தது. தலைக்கு மஸஹு செய்ய வலக்கை உயரவில்லை. "என்ன மாமா?" என்று கேட்டதற்கு அவர் கூறிய விடை எவருக்கும் விளங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஐந்தாறு பேர். படித்தவன் எனப் பெயர் பெற்ற நானும் அவர்களில் ஒருவன்.

களைப்பு என்றோம். வீட்டுக்குத் தாங்கிச் சென்று படுக்க வைத்தோம். மாமி சீனி போட்ட தேநீர் புகட்டினார், புரையேறிற்று. ஒருவர் தைலம் தேய்த்தார். புறா இரத்தம் பூசினால் நரம்பு இளகும் என்று ஒரு பெரியவர் கூற, அதைத் தேடியும் ஓர் ஆள் புறப்பட்டார். மருத்துவமனையை அடைந்தபோது இஷாவும் முடிந்திருந்தது. ஸ்கேன் எடுத்து முடிக்கையில் ஐந்து மணி நேரம் கடந்துவிட்டது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு இனி நேரமில்லை என்றார் மருத்துவர். மாமா அதன்பின் எட்டாண்டுகள் வாழ்ந்தார்; பேச்சு மட்டும் திரும்பவேயில்லை.

மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பக்கவாதம் உண்டாகிறது. அடைப்பே பெரும்பான்மை. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006இல் ஓர் ஆய்வாளர் கணக்கிட்டார். கட்டியைக் கரைக்கும் ஊசியை மூன்று மணி நேரத்திற்குள் போட்டால் பயனுண்டு என்று 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று. 2008இல் ஐரோப்பிய ஆய்வொன்று அதனை நாலரை மணியாக நீட்டியது. பெரிய குழாயில் சிக்கிய கட்டியைக் கம்பி செலுத்தி எடுக்கும் முறையும் உண்டு. சிலருக்கு 24 மணி நேரம் வரை அது பயன்படும். ஆனால் குழாய் வெடித்தவருக்கு இதே ஊசி ஆபத்தாகும். வெளியே பார்த்து எது என்று எவராலும் கூற இயலாது, ஸ்கேன்தான் சொல்லும். ஆகவே, வீட்டில் ஆஸ்பிரின் கொடுத்தல் கூடவே கூடாது.

கண்டறிவது கடினமன்று. சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒருபுறம் கோணுகிறதா? துஆவுக்கு ஏந்துவதுபோல் இரு கைகளையும் நீட்டிக் கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒரு கை தாழ்கிறதா? ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள்; நா குழறுகிறதா? இவற்றில் ஒன்று திடீரெனக் காணப்பட்டாலும் போதும். திடீர்ப் பார்வைக் குறைவு, தள்ளாட்டம், தாங்கொணாத் தலைவலி ஆகியவையும் அறிகுறிகளே.

உடனே 108ஐ அழைத்துப் பக்கவாதம் என ஐயுறுவதாகக் கூறுங்கள். ஸ்கேன் வசதி இரவு பகலாக உள்ள மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். அருகிலுள்ள சிறிய கிளினிக்கில் இறங்கி ஒரு மணி நேரத்தை இழக்கலாகாது. தண்ணீரோ, உணவோ, இரத்த அழுத்த மாத்திரையோ கொடுக்காதீர்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வழக்கமாக உண்ணும் மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். ஓதிப் பார்ப்பதை எவரும் தடுக்கவில்லை. வண்டியில் போகும்போதே ஓதலாமே!

மருத்துவர் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது நலமாக இருந்தார் என்பதே. உறங்கி எழுகையில் நோய் கண்டிருந்தால், படுக்கச் சென்ற நேரமே கணக்கு. ஐவேளைத் தொழுகையை ஒட்டி நாளைக் கழிக்கும் நமக்கு இதற்கு விடை கூறுதல் எளிது.

சிலருக்குப் பத்து நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடும். அப்போதும் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். பெரிய தாக்குதல் பின்தொடரக்கூடும். மாமாவுக்கும் முந்திய வாரம் வலக்கையிலிருந்து தஸ்பீஹ் மணி நழுவி விழுந்ததாம். சற்று நேரத்தில் கை சரியாயிற்றாம். மாமி அதனை முதன்முதலாகச் சொன்னது அந்த மருத்துவரிடந்தான்.