அரளி சொல்லும் பாடம்

அடி அண்ணாமலை கோயில் வாசலில் செவ்வரளிச் சரம் தொடுக்கும் அம்மா, சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டுத்தான் டீ டம்ளரைத் தொடுகிறார். "சாமிக்குப் பூ, நமக்கு விஷம்" என்கிறார். உண்மைதான். அரளி நஞ்சு இதயத் துடிப்பையே குலைத்துவிடும். அதே வகை வேதிப்பொருள்தான் டிஜாக்சின். அளவோடு தந்தால் பலவீனமான இதயத்துக்கு மருந்து. 2025 ஜனவரியில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. மார்பகப் புற்றுநோய் பரவிய 9 பேருக்கு ஒரு வாரம் டிஜாக்சின் கொடுத்ததில், ரத்தத்தில் கூட்டமாகத் திரியும் புற்றுச் செல்களின் கொத்துகள் சிறுத்தன. கொத்தாகப் போகும் செல்தான் வேறு உறுப்பில் எளிதில் வேரூன்றும். ஆனால் கட்டி கரைந்ததாகவோ ஆயுள் கூடியதாகவோ அதில் நிரூபணம் இல்லை. இதேபோல், இதய நோயாளிகள் விழுங்கும் ஆஸ்பிரின், புற்றுநோய் திரும்பாமல் தடுக்குமா என்று பார்க்கும் பிரிட்டன் ஆய்வில் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையும் பங்கேற்றிருக்கிறது. இப்படிக் காப்புரிமை தீர்ந்த மலிவு மாத்திரையில் கம்பெனிகளுக்கு லாபமில்லை. அதைப் பெரிய அளவில் சோதிக்க அரசுதான் பணம் போட வேண்டும். எப்படியானாலும் யாரும் அரளியை அரைத்துக் குடித்துவிடாதீர்கள். மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இருப்பது அளவு மட்டுமே. அந்த அளவை அறிந்தவர் மருத்துவர்.