ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

"வயசானா பார்வை மங்கத்தானே செய்யும்?" இந்தப் பேச்சால் நம் வீடுகளில் பறிபோன பார்வை கொஞ்சநஞ்சமல்ல. மங்கினாலே புரைதான் என்று நாமே முடிவுகட்டி, முத்தட்டும் என்று தள்ளிப்போடுகிறோம். புரை பெரும்பாலும் அந்தத் தாமதத்தைப் பொறுக்கும். விழித்திரையின் நடுவே இருக்கும் மாக்குலா பொறுக்காது.

சில மில்லிமீட்டர் அகலமே உள்ள இடம் அது. படிப்பதும், முகம் பார்த்து ஆளை அறிவதும், ஊசியில் நூல் கோப்பதும் அதன் தயவில்தான். வயதாக ஆக அதற்கடியில் மஞ்சள் படிவுகள் சேர்ந்து மெல்ல மெல்லத் தேய்வது மாக்குலா சிதைவு நோயின் உலர் வகை. அடியிலிருந்து புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிவது ஈர வகை. இது சில வாரங்களிலேயே நடுப்பார்வையைக் கெடுத்துவிடும். ஓரப்பார்வை மிஞ்சும். எதிரே நிற்கும் பேரனின் சட்டை தெரியும், முகம் தெரியாது.

என் அத்தைக்கு எழுபது தாண்டியிருந்தது. இடது கண்ணில் தூசி விழ, அதைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் ஜன்னலைப் பார்த்தவர், "என்னடா, கம்பி வளைஞ்சிருக்கு?" என்றார். கம்பி நேராகத்தான் இருந்தது. இரண்டு கண்ணும் திறந்திருந்தவரை, கெட்ட கண்ணின் குறையை நல்ல கண் மறைத்துவந்திருக்கிறது. மறுநாளே விழித்திரை மருத்துவரிடம் போனோம். ஈர வகை என்றார். கண்ணுக்குள் ஊசி என்றதும் அத்தை நடுங்கிப்போனார். மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுகிறார்கள். மாதாமாதம் போட்டோம். இன்று அந்தக் கண்ணால் செய்தித்தாளின் தலைப்புகளைப் படிக்கிறார்.

ஊசியின் விலைக்குப் பயந்து பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். குடல் புற்றுநோய்க்காக வந்த அவாஸ்டின் மருந்து, இந்தக் கண் நோய்க்கான விலை கூடிய லூசென்டிஸ் ஊசிக்கு நிகராகப் பார்வையைக் காக்கிறது என்று 2011-ல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. செலவு குறைந்த வழி உண்டா என்று மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

வயதையும் பரம்பரையையும் மாற்ற முடியாது. புகையை விட முடியும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து இரண்டு மடங்காவது அதிகம். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள். முருங்கைக்கீரை, அரைக்கீரை, முட்டையின் மஞ்சள் கரு எல்லாவற்றிலும் மாக்குலாவுக்கு வேண்டிய லூட்டீன் இருக்கிறது. கீரையைக் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சமைத்தால் அது உடம்பில் நன்றாகச் சேரும். கடையில் விற்கும் 'கண் மாத்திரை' எல்லோருக்குமானதல்ல. நோய் நடுக்கட்டத்தை எட்டியவர்களுக்கு அது முற்றுவதன் வேகத்தைக் குறைக்கும், நோயே வராமல் தடுக்காது. பீட்டா கரோட்டின் கலந்த மாத்திரையைப் புகைப்பவர்கள் தொடவே கூடாது. நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடும்.

வீட்டில் ஐம்பது தாண்டியவர்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைக் கையால் பொத்தி, ஜன்னல் கம்பியையோ குளியலறை டைல்ஸ் கோட்டையோ பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண். வாரம் ஒருமுறை போதும். கோடு நெளிந்தாலோ, நடுவில் கருப்பாகத் தெரிந்தாலோ, பொங்கல் கழியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.