செவியைக் காக்கத் தெரியாத அன்பு

2025ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 25, 26 ஆகிய நாள்களில், ஆமதாபாத் நகரத்து நரேந்திர மோடி விளையாட்டரங்கில் 'கோல்ட்ப்ளே' என்னும் ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் நிகழ்ச்சி நடந்தேறியது. அதற்கு முன்பாக, அம்மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஓர் அறிவிப்பினை அனுப்பியது. குழந்தைகளை மேடையேற்றக் கூடாது. காதுகளைக் காக்கும் சாதனமின்றி அவர்களை அரங்கினுள் விடக் கூடாது. 120 டெசிபலைக் கடக்கும் ஓசை அவர்களுக்குத் தீங்கு பயக்கும் என்பதே அதன் சாரம்.

இந்த அறிவிப்பு நம்மை நாணச் செய்ய வேண்டும். வெயிலில் செல்லும்போது குழந்தையின் தலையை முந்தானையால் மூடுவதற்கு எந்தத் தாய்க்கும் எந்த அரசும் ஆணை பிறப்பித்ததில்லை. சூடான பாலை ஊதி ஆற்றிக் கொடுக்க எந்தத் தந்தைக்கும் எவரும் அறிவிப்பு அனுப்பியதில்லை. ஆனால் செவிகளைப் பிளக்கும் பேரோசைக்கு நடுவே குழந்தையைத் தூக்கிச் செல்லும் பெற்றோருக்கு மட்டும், "அதன் காதை மூடுங்கள்" என்று அலுவலகத்திலிருந்து ஓலை வர வேண்டியிருக்கிறது. பெற்ற அன்பு எங்கே தன் கடமையை மறந்தது என்பதே நம் கேள்வி.

இதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், 2024 நவம்பரில் ஐதராபாத்தில் நடந்த பஞ்சாபிப் பாடகர் தில்ஜித் தோசாஞ்சின் நிகழ்ச்சிக்கும் இத்தகைய அறிவிப்பு ஒன்று விடுக்கப்பட்டது. மதுவையும் போதையையும் வன்முறையையும் போற்றும் பாடல்களைப் பாடலாகாது என்பது அதன் ஒரு பகுதி. நாடெங்கும் அதைப் பற்றியே வாதப் பிரதிவாதங்கள் எழுந்தன. உரத்த ஓசையும் ஒளிவெள்ளமும் பாயும் மேடையில் குழந்தைகளை நிறுத்தலாகாது என்ற மறுபகுதியோ எவர் காதிலும் விழவில்லை. சொல்லைப் பற்றிச் சண்டையிட்டோம். ஓசையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சமய வட்டாரங்களிலும் இதே குறைபாடு நெடுங்காலமாக இருந்து வருகிறது. ராக் இசை சாத்தானின் இசை என்றும், இசைத்தட்டைப் பின்னோக்கிச் சுழற்றினால் தீய சொற்கள் ஒலிக்கும் என்றும் மேடைதோறும் முழங்கியவர்கள் உண்டு. அந்த முழக்கத்தில் நமக்கு உடன்பாடில்லை. கிதாரும் முரசும் தம்மளவில் பாவமற்றவை. இளைஞர்கள் கூடிப் பாடி மகிழ்வது இயல்பானது. நாம் எதிர்ப்பது எளிமையான, அளந்து காட்டக்கூடிய ஒன்றை. தானாக விலகிச் செல்ல இயலாத ஒரு குழந்தையை, அதன் காது தாங்காத ஓசைக்குள் பாதுகாப்பின்றி உட்கார வைக்கும் செயலையே எதிர்க்கிறோம். ஒலிப்பது பக்திப் பாடலாயினும் சரி, பரத்தையர் பாடலாயினும் சரி, காதின் நரம்புக்கு அந்த வேற்றுமை தெரியாது.

அளவுகளைச் சற்றே பார்ப்போம். ஓசை 3 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் இரு மடங்காகிறது; அதைத் தீங்கின்றிக் கேட்கக்கூடிய நேரம் பாதியாகச் சுருங்குகிறது. இசை கேட்கும் கருவிகளுக்காக உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் நெறிமுறை வகுத்தது. அதன்படி, பெரியவர்கள் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதற்குரிய அளவு 80 டெசிபல். குழந்தைகளுக்கோ 75 டெசிபல். அந்நிறுவனமே 2022இல் இசை அரங்குகளுக்கு வகுத்த நெறியில், 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டலாகாது என்றது. அதாவது, நெறிமுறைக்கு அடங்கி நடக்கும் நல்ல அரங்கிலேயே ஓசை 100 டெசிபல் வரை எழக்கூடும். 75இலிருந்து 100க்கு ஏறும்போது, குழந்தைக்குரிய 40 மணி நேரம் ஏறத்தாழ ஏழரை நிமிடமாகக் குறைந்துவிடுகிறது. இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் அமர்ந்திருக்கும் குழந்தை, 16 வாரங்களுக்குரிய ஓசையை ஒரே மாலையில் பருகிவிட்டு வீடு திரும்புகிறது.

அறிவிப்பில் கண்ட 120 டெசிபல் என்னும் எண்ணும் நம்மை ஏமாற்றக்கூடியது. அது ஒரு கணம் வெடித்து மறையும் ஓசையின் உச்சத்திற்குக் குழந்தைகளைக் கருதிச் சொல்லப்படும் எல்லை. 119 டெசிபலில் இரண்டு மணி நேரம் அமரலாம் என்று அதற்குப் பொருள் கொள்வது, தீக்குள் விரல் வைக்கக் கூடாதாம், கொதிநீரில் வைக்கலாமாம் என்பது போன்ற அறியாமையே ஆகும்.

காதினுள் நடப்பது என்ன? உட்செவியில் நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட உறுப்பு ஒன்று உண்டு. அதனுள் ஓசையை உணர்ந்து மூளைக்கு அனுப்பும் நுண்மயிர் அணுக்கள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. காற்றில் நெற்பயிர் அசைவது போல் அவை ஓசையில் அசைகின்றன. புயலில் பயிர் சாய்வது போல் பேரோசையில் சாய்கின்றன. சாய்ந்தவற்றுள் சில நிமிர்ந்துகொள்ளும், மடிந்தவை மடிந்தவையே. தோல் கிழிந்தால் வளரும். எலும்பு முறிந்தால் கூடும். இந்த அணுக்களோ மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. பிறக்கும்போது இறைவன் கொடுத்தனுப்பிய அந்தச் சிறு கையிருப்பைக் கொண்டே ஒருவர் எண்பது ஆண்டு வாழ்ந்தாக வேண்டும். குழந்தையின் செவிக்குழாய் சிறியது என்பதால், உச்சத்தில் ஒலிக்கும் ஓசைகள் அங்கே இன்னும் மிகுந்த அழுத்தத்தோடு மோதுகின்றன.

இழப்பு முதலில் உச்சமான ஓசைகளிலேயே நிகழ்கிறது. உயிரொலிகள் செவ்வனே கேட்கும். ச, த, ப போன்ற மெய்கள் மங்கும். ஓசை எட்டும், சொல் விளங்காது. வகுப்பில் ஆசிரியர் 'கவனமில்லாத பிள்ளை' என்று முத்திரை குத்துவார். வீட்டில் 'கூப்பிட்டால் காதில் விழாதா?' என்று தாய் கடிந்துகொள்வாள். காதில் விழாமற் செய்தது யார் என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. வளர்ந்தவர் காதில் ரீங்காரம் கேட்டால் மருத்துவரிடம் செல்வார். மூன்று வயதுக் குழந்தைக்கு அதைச் சொல்ல மொழியேது? எல்லார் காதிலும் அப்படித்தான் ஒலிக்கும் போலும் என்று அது எண்ணிக்கொள்ளும்.

பெற்றோர் கூறும் சமாதானங்கள் நாம் அறியாதவை அல்ல. "குழந்தை மடியில் அயர்ந்து தூங்கிவிட்டதே" என்பார்கள். கண்ணுக்கு இமை உண்டு. காதுக்கு ஏது இமை? தூங்கும் குழந்தையின் செவியும் விழித்தே இருக்கிறது. "ஒரு நாள்தானே" என்பார்கள். ஒரு நாளிலேயே கெடக்கூடிய உறுப்பு அது. "பஞ்சு வைத்து அழைத்துச் சென்றோம்" என்பார்கள். பஞ்சு தடுக்கும் ஓசை மிகச் சொற்பம். "குழந்தையும் கைதட்டி மகிழ்ந்தது" என்பார்கள். மிட்டாயைக் கண்டாலும் குழந்தை மகிழும். அதற்காக அள்ளி அள்ளிக் கொடுப்போமா? "விட்டுச் செல்ல வீட்டில் ஆளில்லை" என்பதொன்றே நேர்மையான காரணம். பாட்டி தாத்தா உடனில்லாத நகரத்துச் சிறு குடும்பங்களின் துன்பம் அது. அதற்கும் வழியுண்டு. காதுகளை முழுதாக மூடி, ஓசையை 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும் காதுமூடிகள் குழந்தைகளுக்கென்றே கடைகளில் கிடைக்கின்றன. நிகழ்ச்சிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்குவோர்க்கு அது ஒரு செலவாகாது.

இசைக் கலைஞர்களே இவ்வுண்மையை அறிந்து நடக்கின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. கோல்ட்ப்ளே குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின், தாம் ஆண்டுக்கணக்கில் காதிரைச்சலால் துன்புறுவதை 2012இல் வெளிப்படையாகக் கூறி, செவிப் பாதுகாப்பை வலியுறுத்தும் இயக்கத்திற்குத் துணை நின்றார். லண்டன் சார்ல்டன் மைதானத்தில் 1976 மே 31 அன்று 'தி ஹூ' என்னும் குழு, 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபல் எழுப்பியதாகக் கின்னஸ் நூல் பதிவு செய்தது. செவிக்கேட்டை ஊக்குவிக்கலாகாது என்று கருதி, 'உரத்த குழு' என்ற அந்தப் பிரிவையே அந்நூல் பிற்காலத்தில் கைவிட்டது. ஃபிரான்சு நாடு 2017இல் வகுத்த சட்டப்படி, பொதுவான நிகழ்ச்சிகளுக்கு எல்லை 102 டெசிபல். ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கென நடத்தப்படும் நிகழ்ச்சிகளுக்கு 94. மேடையில் நிற்பவன் தன் காதைக் காத்துக்கொள்கிறான். சாதனை நூல் தன் தவற்றைத் திருத்திக்கொள்கிறது. சட்டம் குழந்தைக்கெனத் தனி அளவு வகுக்கிறது. முன்வரிசையில் தந்தையின் தோளில் அமர்ந்திருக்கும் குழந்தையின் காது மட்டும் திறந்தே கிடக்கிறது.

"ஆமதாபாத்தும் லண்டனும் நமக்கெதற்கு? எங்கள் பங்கில் ராக் இசை ஏது?" என்று வாசகர் சிலர் இவ்விடத்தில் நிம்மதிப் பெருமூச்சு விடலாம். அந்த நிம்மதி நீடிக்கலாகாது. கொடியேற்றம் முதல் தேர்பவனி வரை நம் ஆலய வளாகங்களில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. மெல்லிசைக் கச்சேரி என்று பெயர். மென்மை பெயரில் மட்டுமே. பெரியவர்கள் பின்னே நாற்காலிகளில் அமர, சிறுவர் சிறுமியர் மேடைக்கு முன்னே மணலில், பெட்டிகளுக்கு நேரெதிரே அமர்த்தப்படுகின்றனர். புதுநன்மை விருந்திலும் திருமண வரவேற்பிலும் இதே காட்சிதான். நுழைவுச்சீட்டு இல்லை என்ற ஒன்றைத் தவிர, அந்தக் குழந்தைகளின் நிலைக்கும் ராக் அரங்கத்துக் குழந்தையின் நிலைக்கும் என்ன வேறுபாடு?

சட்டம் இங்கே ஓரளவே துணை நிற்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. அதே ஆண்டு ஆகஸ்டு 30 அன்று, சென்னையிலுள்ள ஒரு கிறிஸ்தவ சபையின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பிறர் அமைதியைக் குலைத்து, ஒலிபெருக்கியாலும் முரசொலியாலும் வழிபட வேண்டுமென எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்பது அதன் கருத்து. அது பிரிந்த சகோதரர்களின் சபை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. தீர்ப்பு நமக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. 2005 ஜூலை 18 அன்று வெளியான மற்றொரு தீர்ப்புக்குத் தூண்டுகோலாக அமைந்த செய்தி நெஞ்சை உலுக்குவது. வன்கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் அலறல், அக்கம்பக்கத்தில் ஒலித்த ஒலிபெருக்கி இசையில் எவருக்கும் கேட்காமலே போனது. பின்னர் அச்சிறுமி தீக்குளித்து மாண்டாள். பேரோசை குழந்தையின் செவியை மட்டும் பறிப்பதில்லை. குழந்தையின் குரலுக்குச் செவிகொடுக்கும் ஊரையும் செவிடாக்கிவிடுகிறது.

எனினும் இவ்விதிகள் பெரும்பாலும் வளாகத்திற்கு வெளியே வாழும் அண்டை அயலாருக்கு அரணாவன. வளாகத்தின் உள்ளே, பெட்டிக்கு முன்னே அமர்ந்திருக்கும் குழந்தைக்கு அரண் பெற்றோரும் பங்குச் சமூகமுமே ஆவர்.

திருமுழுக்கு வழிபாட்டில் குருவானவர் குழந்தையின் செவிகளையும் வாயையும் தொட்டுச் செபிக்கும் 'எப்பத்தா' சடங்கை நினைவுகூர்வோம். மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில் வரும் நிகழ்வே அதன் மூலம். காது கேளாதவரை ஆண்டவர் குணமாக்கியபோது செய்த முதற்செயல் எது? அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார். கூச்சலிலிருந்து விலக்கிய பின்னரே செவியைத் திறந்தார். திறக்கப்பட்ட செவியோடு நம்மிடம் ஒப்படைக்கப்படும் குழந்தையைக் கூச்சலின் நடுவே கொண்டுபோய் நிறுத்துவது, அந்தச் சடங்கையே தலைகீழாக்குவதன்றோ? நம்பிக்கை செவி வழியே வருகிறது என்பது பவுலடியாரின் போதனை. அந்த வழியை அடைத்துவிட்டு மறைக்கல்விக்கு மணியடிப்பதில் பயன் என்ன?

ஆகவே பெற்றோரிடம் நாம் கேட்பது இது: உரத்த இசை நிகழ்ச்சிக்குக் கைக்குழந்தையைக் கொண்டு செல்லாதீர்கள். வளர்ந்த பிள்ளைகளை அழைத்துச் செல்வதாயின் காதுமூடியோடு அழைத்துச் செல்லுங்கள். பெட்டிகளிலிருந்து இயன்றவரை தள்ளி அமருங்கள். திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும்தோறும் ஓசை 6 டெசிபல் வரை குறையும். பிள்ளை காதைப் பொத்தினாலோ, அழுதாலோ, "போகலாம்" என்றாலோ, பாதிப் பாட்டிலேனும் எழுந்து வந்துவிடுங்கள். பங்குப் பேரவைகளிடம் கேட்பது இது: அடுத்த திருவிழாவிற்கு ஒலிபெருக்கிக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே ஓசையின் அளவையும் பேசி முடியுங்கள். பெட்டிகளைக் குழந்தைகளின் தலைக்கு மேலாக உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். மேடைக்கு முன்னே கயிறு கட்டி, சிறுவர்களைப் பின்னே அமர்த்துங்கள். இவற்றில் எதற்கும் ஆயரின் சுற்றுமடல் தேவையில்லை.

நம் பிள்ளைகளுக்கு வீடும் நிலமும் நகையும் சேர்த்து வைக்கிறோம். அவை தொலைந்தால் மீண்டும் ஈட்டலாம். பேரப்பிள்ளையின் மழலையை முதுமையில் அவர்கள் தெளிவாகக் கேட்க வேண்டுமானால், அதற்கான செவியை இன்றே நாம் காத்துக் கொடுத்தாக வேண்டும்.