மாஸ்டர்ஸ் கல்யாணக் கார்டுக்கு மட்டும்தானா?



கசப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேணும்.

பௌதிகவியலும் பொறியியலும் படிச்ச நம்ம ஊர்ப் பிள்ளைகள் வந்து கேக்கிறாங்க: "சேர், சனி ஞாயிறு மட்டும் போனா ஒரு வருஷத்துல எம்.எஸ்ஸி முடியுமாம், சேரட்டா?" வாப்பாமார் நகையை ஈடு வச்சுக் காசு கட்டுறாங்க. அதில் ஆய்வு இருக்கான்னு ஒருத்தரும் கேக்கிறதில்லை.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதுமாணி ஒரே வகை இல்லை. 9ஆம் மட்டத்துக்கு 30 கிரெடிட், பாடநெறியை முடிச்சால் போதும். 10ஆம் மட்டத்துக்கு 60 கிரெடிட், அதில் குறைஞ்சது 15 ஆய்வுக்கு. எம்.ஃபில் 11ஆம் மட்டம், முழுக்க ஆய்வு. கார்டில் அடிக்கும்போது முதல் ரெண்டும் ஒரே "எம்.எஸ்ஸி"தான்!

9ஆம் மட்டத்தைக் குறை சொல்லல்ல. வேலையில் இருக்கிறவருக்கு அது உதவும். ஆனா கலாநிதிப் பட்டம் வரை போக நினைக்கிற பிள்ளையை அதில் தள்ளுறது அநியாயம். லேசரும் குறைகடத்தியும் நோட்ஸ் பாடமாக்கி வாற விஷயமா? ஆய்வுகூடத்தில் நின்று அளந்து, வழு எங்கே வந்ததுன்னு தேடிப் பழகணும். அந்தப் பழக்கத்தைத்தான் ஆய்வு தருது.

"பேப்பர் இருந்தாப் போதும்" என்கிற பெரியவங்களே, அந்தப் பேப்பரோட பிள்ளை அடுத்த வாசலில் திரும்பி வந்தா யார் பொறுப்பு?

காசு கட்ட முதல் மூணு கேள்வி கேளுங்க: எத்தனையாம் மட்டம்? எத்தனை கிரெடிட்? ஆய்வுக்கு எவ்வளவு?

அல்லாஹ் நம்ம பிள்ளைகளின் அறிவில் பரக்கத் செய்வானாக.